வித்தும் விளைநிலமும்: ஆண் மகப்பேற்று ஆராய்ச்சியில் ஒற்றை உயிரணுத் தரவுக் களஞ்சியங்களின் வரலாறு

1. முன்னுரை

உவமை செய்யுளுக்கு அணியாய் அமைவதோடு நின்றுவிடுவதில்லை. வழிவழியாக வழங்கும் உவமை மக்கள் எண்ணும் நெறியையே வகுத்துவிடும். ஆணை வித்தாகவும் பெண்ணை விளைநிலமாகவும் கொள்ளும் உவமை அத்தகையது. பிறக்கும் உயிர்க்கு வடிவத்தை வழங்குபவன் தந்தை, அவ்வடிவத்தை ஏற்கும் பொருளை வழங்குபவள் தாய் என்பது கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டிலின் கொள்கை. மனுதரும நூலின் ஒன்பதாம் இயல் பெண்ணை நிலம் என்றும் ஆணை வித்து என்றும் வெளிப்படையாகவே கூறும். நாடும் காலமும் வேறாயினும் உவமை ஒன்றே. விளைச்சல் பொய்த்தவழி நிலத்தைப் பழிப்பது இவ்வுவமையின் விளைவு. மலடி என்னும் சொல் நம் வழக்கில் வேரூன்றிய அளவுக்கு அதன் ஆண்பாற் சொல் வேரூன்றாமையும் இதனாற் போலும்.

தமிழில் விந்து உண்டாகும் உறுப்பிற்கு வழங்கும் பெயரும் இவ்வுவமையின் வழிப்பட்டதே. விரை என்பதும் விதை என்பதும் வித்தையும் குறிக்கும், அவ்வுறுப்பையும் குறிக்கும். எனவே, அவ்வுறுப்பினுள் வித்து அல்லது பிறிதொன்று உண்டு என எண்ணுதற்குச் சொல் இடந்தரவில்லை. ஆனால் முந்நூற்றைம்பது ஆண்டுகளாக அவ்வுறுப்பை ஆராய்ந்தோர் கண்ட உண்மை வேறு. வித்தை விளைவிக்கும் நிலம் ஒன்று ஆணின் உடலுள்ளும் உண்டு. வித்துப் பொய்க்கும்போது பலவிடத்துப் பொய்ப்பது அந்நிலமே என்பதே அவ்வுண்மை.

இவ்வுண்மைக்கு அண்மையிற் கிடைத்த சான்று, ஒற்றை உயிரணு வரிசையறி முறையால் திரட்டப்பெற்ற தரவுக் களஞ்சியங்கள் ஆகும். அவை தோன்றிய வரலாற்றை இக்கட்டுரை வரன்முறையாக ஆராய்கிறது. ஏட்டுச்சுவடிகளின் மூலபாடத்தை ஆராய்ந்து பழகிய தமிழ் மாணவர், இக்களஞ்சியங்களை எவ்வளவிற்கு நம்பலாம் என்று கேட்பது இயல்பு. அவ்வினாவிற்கும் இறுதியில் விடை காண முயல்வாம்.

2. வித்தைக் கண்ட காலம்

நெதர்லாந்து நாட்டு டெல்ஃப்ட் நகரம் இவ்வரலாற்றின் தோற்றுவாய். அங்கு மருத்துவராய் விளங்கிய ரெக்னியர் டி கிராஃப், 1668-ஆம் ஆண்டில் ஆணின் இனப்பெருக்க உறுப்புகளைப் பற்றி நூல் ஒன்று வெளியிட்டார். விரை என்பது வெறுந்தசைக் கட்டியன்று, மிக நுண்ணிய குழல்கள் சுருண்டு செறிந்த திரள் என்பதை அந்நூல் காட்டிற்று. அதே நகரில் துணி வணிகம் செய்தவர் ஆண்டனி வான் லேவன்ஹூக். தாமே கடைந்த ஆடிகளைக் கொண்டு நுண்பொருள்களை நோக்கியவர். அவரை 1673-ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்திற்கு அறிமுகம் செய்தவரும் டி கிராஃபே.

1677-ஆம் ஆண்டில் யோகான் ஹாம் என்னும் மருத்துவ மாணவர், நோயாளி ஒருவரின் விந்தைக் கொணர்ந்து, அதில் வாலுடைய சிற்றுயிர்கள் இயங்குவதை லேவன்ஹூக்கிடம் கூறினார். அவை நோயின் விளைவு என்பது ஹாம் கருத்து. லேவன்ஹூக் நலமுற்றிருந்த தம் விந்தையே ஆராய்ந்து, ஆண்டும் அவை இருக்கக் கண்டார். அரச கழகத் தலைவருக்கு அவர் விடுத்த மடலில், அவ்விந்து மனையற வாழ்க்கையில் இயல்பாகக் கிடைத்ததே எனக் குறித்தார். அச்செய்தி அறிஞர்க்கு அருவருப்புத் தருமாயின் வெளியிடாது விடலாம் எனவும் எழுதினார். இத்துறையின் முதல் தரவு, அது யாரிடமிருந்து எவ்வாறு பெறப்பட்டது என்னும் குறிப்புடனேயே பிறந்தது என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அக்குறிப்பின் இன்றியமையாமை கட்டுரையின் இறுதியில் விளங்கும்.

கண்டது ஒன்று; கண்டதற்குப் பொருள் கொண்டது வேறொன்று. 1694-ஆம் ஆண்டில் நிக்கோலாஸ் ஹார்ட்சூக்கர், விந்தணுவின் தலைக்குள் முழங்கால் மடித்துக் குந்தியிருக்கும் சிறு மனிதன் உருவை வரைந்து வெளியிட்டார். அவ்வாறு கண்டதாக அவர் கூறவில்லை. காண இயலுமாயின் அவ்வாறிருக்கலாம் என்றே கூறினார். ஆயினும் வித்தே முழு மனிதன், நிலம் அதனை வளர்ப்பதற்கு மட்டுமே என்னும் பழைய கொள்கைக்கு அவ்வோவியம் புதிய உருக்கொடுத்தது. மறுதலையாக, விந்தணுக்கள் உடலில் ஒட்டி வாழும் புழுக்களே எனக் கருதினாரும் உளர். 1827-ஆம் ஆண்டில் பாலூட்டியின் கருமுட்டையைக் கண்டறிந்த கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயரும் அவ்வாறே கருதினார். இன்றும் மேனாட்டில் வழங்கும் விந்தணுவின் பெயர் அவர் இட்டது. விந்தில் வாழும் விலங்குகள் என்பது அதன் பொருள். பிழையான கொள்கை மறைந்தபின்னும் அதன் சொல் நிலைபெற்றமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இவ்விரு கொள்கைகளையும் வீழ்த்தியவை இரண்டு ஆராய்ச்சிகள். 1824-ஆம் ஆண்டில் பிரெவோ, டூமா என்னும் இருவர், தவளையின் விந்தை வடிகட்டி, விந்தணு நீங்கிய நீர் கருவுறச் செய்யாது எனக் காட்டினர். 1841-ஆம் ஆண்டில் ஆல்பெர்ட் கோலிக்கர், விந்தணுக்கள் புறத்தேயிருந்து வந்த உயிர்களல்ல, விரையினுள்ளே உள்ள உயிரணுக்களிலிருந்து தோன்றுவன என நிறுவினார். வித்து எங்கே பிறக்கிறது என்னும் வினா விடை பெற்றது. அதனை விளைவிப்பது யாது என்னும் வினா இனித்தான் எழுந்தது.

3. நிலத்தைக் கண்ட காலம்

1850-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஃபிரான்ஸ் லேடிக், பாலூட்டிகள் பலவற்றின் விரைகளை ஒப்புநோக்கி, நுண்குழல்களுக்கு இடையே தனிவகை உயிரணுக்கள் கூட்டங் கூட்டமாக அமைந்திருத்தலைக் கண்டார். அவற்றின் தொழில் யாது என்பது அவர்க்கு விளங்கவில்லை. அவையே ஆண்மைச் சுரப்பைத் தருவன என்பதற்கு பூவான், ஆன்செல் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1903-ஆம் ஆண்டிற் சான்று காட்டினர். காளையின் விரையிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் என்னும் அச்சுரப்பு 1935-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமிற் பிரித்தெடுக்கப்பட்டது.

நுண்குழலின் உள்ளேயும் வித்தல்லாத ஓர் உயிரணு இருந்தது. 1865-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுப் பாவியா நகரில் பயின்ற என்ரிக்கோ செர்டோலி, தம் இருபத்துமூன்றாம் அகவையில் அதனைக் கண்டு வெளியிட்டார். குழலின் சுவரில் ஊன்றி, உட்புறம் நோக்கிக் கிளைகளை நீட்டி, வளரும் விந்தணுக்களைத் தன் மடிப்புகளில் தாங்கி நிற்பது அது. கிளைத்த உயிரணு என அவர் அதனைக் குறித்தார். பின்னர் அவர் பெயரே அதற்கு வழங்கலாயிற்று. வித்துக்கு உணவூட்டுவதும், அதற்கு ஊறு நேராமற் காப்பதும், அது முதிர்ந்தபின் விடுவிப்பதும் அதன் பணி. ஆணின் உடலுள் அமைந்த விளைநிலம் இதுவே எனலாம்.

இந்நிலம் வித்தின்றித் தனித்து நிற்கும் நிலையும் உண்டு. 1947-ஆம் ஆண்டில் அர்ஜென்டீனா நாட்டு மருத்துவர் டெல் காஸ்டில்லோவும் அவருடன் உழைத்தாரும், மகப்பேறு எய்தாத ஆடவர் சிலரின் நுண்குழல்களில் செர்டோலி உயிரணுக்கள் மட்டுமே உள்ளன, விந்தணுவின் முன்னோடிகள் அறவே இல்லை எனக் கண்டனர். வித்து இல்லாமையால் நிலம் வறிதாயிற்றோ, நிலம் தகுதியிழந்தமையால் வித்து அழிந்ததோ என்பதை நுண்ணோக்காடி கூறவில்லை. அது வடிவத்தைக் காட்டும் கருவி. தொழிலைக் கூறும் கருவியன்று.

4. காலக் கணக்கும் ஒரு கறையும்

கனடா நாட்டு மான்ட்ரியால் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் லெப்ளாண், கிளெர்மோன் என்னும் இருவர் 1952-ஆம் ஆண்டில் எலியின் நுண்குழலை ஆராய்ந்து, அதில் உயிரணுக்கள் கூடிநிற்கும் ஒழுங்கு பதினான்கு நிலைகளாகச் சுழன்று வருவதை வகுத்துக் காட்டினர். 1963-ஆம் ஆண்டில் கிளெர்மோன் மனிதரில் அச்சுழற்சி ஆறு நிலைகளை உடையது என நிறுவினார். அதே ஆண்டில் ஹெல்லரும் அவரும், கதிரியக்கக் குறியிட்ட பொருளைப் பயன்படுத்தி, மனிதரில் ஒரு சுற்றுக்கு 16 நாளும், விந்தணு உருவாதற்கு ஏறத்தாழ 64 நாளும் ஆகும் எனக் கணக்கிட்டனர். தொடக்க நிலைகளையும் சேர்த்து 74 நாள் எனப் பின்வந்தோர் கொள்வர்.

இவ்வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. அதனை மறைத்தல் வரலாற்று நெறியன்று. 1963 முதல் 1973 வரை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலச் சிறையில் ஹெல்லர் 67 கைதிகளின் விரைகளிற் கதிர்வீச்சுப் பாய்ச்சி, அதன் விளைவை ஆராய்ந்தார். அண்டை மாநிலமாகிய வாஷிங்டனிலும் 64 கைதிகள் இத்தகைய ஆராய்ச்சிக்கு உட்பட்டனர். கைதிகட்குப் பணம் வழங்கப்பட்டது. இறுதியில் கருத்தடை அறுவைக்கும் அவர்கள் உடன்பட வேண்டியிருந்தது. அமெரிக்க அரசு அமைத்த ஆய்வுக்குழு 1995-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை இவற்றை விரிவாகப் பதிவு செய்தது. சிறைக்கதவின் பின் நிற்பவன் தரும் இசைவு முழு இசைவாகுமா என்பதே அங்கு எழுந்த வினா. மனிதர் விரையின் கதிர்தாங்கும் அளவைப் பற்றிய அறிவில் ஒரு பகுதி இவ்வாறு பெறப்பட்டது. அறிவு உண்மையாயிருத்தல் வேறு. அது பெறப்பட்ட வழி தூய்மையாயிருத்தல் வேறு.

5. வித்தா, நிலமா?

குற்றம் வித்தினதாதலும் உண்டு. செர்டோலி பயின்ற அதே பாவியா நகரில் தியெப்போலோ, சுஃபார்டி என்னும் இருவர், 1,170 ஆடவரை ஆராய்ந்து, விந்தணு அறவே இல்லாத அறுவரிடம் ஒய் நிறமியின் நீண்ட கையிற் ஒரு பகுதி இல்லாமையை 1976-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வித்தை ஆக்கும் மரபணுக்கள் அப்பகுதியில் உள்ளன என்பது இதனால் தெளிந்தது.

வித்தையும் நிலத்தையும் பிரித்து ஆராயும் வழியைத் தந்தவர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து ரால்ஃப் பிரின்ஸ்டர். 1994-ஆம் ஆண்டில் அவரும் அவர் குழுவினரும் ஒரு சுண்டெலியின் விரையிலிருந்து விந்தாக்கும் மூல உயிரணுக்களை எடுத்து, வித்தற்ற வேறொரு சுண்டெலியின் நுண்குழலில் இட்டு, விந்தணு உருவாகச் செய்தனர். உழவர் நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் நடுவதை ஒத்தது அது.

அம்முறையின் முழுப்பயன் 2000-ஆம் ஆண்டில் விளங்கிற்று. வித்து நலமுற்றிருந்தும் செர்டோலி உயிரணுவின் குறையால் மலடான ஒருவகைச் சுண்டெலி உண்டு. நிலம் நலமுற்றிருந்தும் வித்தின் குறையால் மலடான மற்றொரு வகையும் உண்டு. பிரின்ஸ்டர் குழுவினர் முன்னதன் வித்தை எடுத்துப் பின்னதன் நிலத்தில் நட்டனர். மலடான இரண்டினின்றும் மகவு பிறந்தது. விந்தணுவின்மை என்னும் ஒரே பெயரின்கீழ், தம்முள் முற்றும் வேறான இரண்டு குறைகள் மறைந்திருந்தன என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

ஆயினும் சுண்டெலியிற் செய்வதை மனிதரிற் செய்தல் இயலாது. ஓர் ஆடவனின் விரையில் எவ்வுயிரணு எத்தொழிலைச் செய்யத் தவறியது என்பதை அறிய, அவ்வுயிரணு ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்கவேண்டும். அதற்கு வேண்டிய கருவி அந்நாளில் இல்லை.

6. ஒற்றை உயிரணு வரிசையறி முறை

உடலின் எல்லா உயிரணுக்களும் ஏறத்தாழ ஒரே மரபணுத் தொகுதியை உடையன. ஒன்று தோலாகவும் மற்றொன்று நரம்பாகவும் ஆவதற்குக் காரணம், ஒவ்வொன்றும் அத்தொகுதியின் வெவ்வேறு பகுதியைப் படித்து இயங்குவதே. படிக்கப்பட்ட பகுதிகள் ஆர்.என்.ஏ. எனப்படும் படிகளாக உயிரணுவினுள் உலவும். அப்படிகளின் எழுத்து வரிசையை அறிந்து எண்ணினால், அவ்வுயிரணு அப்பொழுது என்ன தொழில் செய்துகொண்டிருந்தது என்பதை உய்த்துணரலாம்.

பழைய முறையில், திசுத்துண்டு முழுவதையும் அரைத்து, அதிலுள்ள படிகளை ஒருங்கே எண்ணினர். ஒரு நூலகத்து நூல்களையெல்லாம் ஒன்றாகக் கலந்து, எச்சொல் எத்தனை முறை வந்துள்ளது என எண்ணுவதை அஃது ஒக்கும். ஒவ்வொரு நூலுக்கும் தனித்தனியே சொல்லடைவு அமைப்பதை ஒப்பது புதிய முறை. 2009-ஆம் ஆண்டில் ஃபூச்சோ டாங்கும் உடனுழைத்தோரும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், சுண்டெலிக் கருவின் ஒரே ஓர் உயிரணுவிலிருந்து படிகளின் வரிசையை முதன்முதலாக அறிந்து வெளியிட்டனர். 2015-ஆம் ஆண்டில் ஹார்வர்டைச் சார்ந்த இரு குழுவினர், எண்ணெயில் மிதக்கும் நுண்துளி ஒவ்வொன்றிலும் ஓர் உயிரணுவை அடைத்து, அதன் படிகளுக்கெல்லாம் ஒரு தனிக்குறி பொறிக்கும் வழியைக் கண்டனர். குறி இருத்தலின், பின்னர் எல்லாவற்றையும் கலந்து படித்தாலும் எப்படி எவ்வுயிரணுவினது எனப் பிரித்தறியலாம். ஒன்றையும் பத்தையும் ஆராய்ந்த நிலை மாறி, ஆயிரக்கணக்கானவற்றை ஒருங்கே ஆராயும் நிலை வந்தது.

விரை இம்முறைக்கு மிகவும் இயைந்த உறுப்பு. விந்தணு ஆதற்கு ஏறத்தாழ இரண்டரைத் திங்கள் ஆயினும், அவ்வளர்ச்சியின் எல்லாப் படிநிலைகளும் முதிர்ந்த ஆணின் விரையில் எந்நாளும் உடனிருக்கும். ஊர்த் திருவிழாவிற்குச் சென்றவர் கைக்குழந்தை முதல் முதியோர் ஈறாக எல்லாப் பருவத்தாரையும் ஒரே நாளிற் கண்டு, மனித வாழ்வின் போக்கை உணர்தல் கூடும். அதுபோல, ஒருநாள் எடுத்த சிறு திசுவிலிருந்தே விந்தணுவின் வாழ்க்கை முழுவதையும் வரிசைப்படுத்தல் இயன்றது.

7. விரையின் வரைபடங்கள்

2016-ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டனிற் கூடிய அறிஞர், மனித உடலின் எல்லா உயிரணு வகைகளையும் அட்டவணைப்படுத்தும் மனித உயிரணு வரைபடத் திட்டத்தைத் தொடங்கினர். இரண்டாண்டு கழித்து, 2018-இல், விரையைப் பற்றிய ஆய்வுகள் பல ஒருங்கே வெளிவந்தன. அமெரிக்காவின் யூட்டாப் பல்கலைக்கழகத்து ஜிங்தாவ் குவோ, பிராட்லி கெயின்ஸ் முதலியோர் ஆடவர் மூவரின் விரைகளிலிருந்து ஏறத்தாழ 6,500 உயிரணுக்களை ஆராய்ந்து, விந்தணுவின் தொடக்க நிலை முன்னோடிகள் ஐந்து படிகளாக வளர்தலைக் காட்டினர். அதே ஆண்டில் சீனத்தில் ஃபூச்சோ டாங் குழுவினர் மனிதரைப் பற்றியும், அமெரிக்காவில் வேறு குழுவினர் சுண்டெலியைப் பற்றியும் தத்தம் வரைபடங்களை வெளியிட்டனர். யூட்டாக் குழுவினர் 2020-இல் ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான சிறுவர்களின் விரைகளை ஆராய்ந்து, பருவமெய்தும்போது வித்தோடு நிலமும் எவ்வாறு முதிர்கிறது என விளக்கினர்.

நம் வினாவிற்கு நேரே விடையிறுப்பவை அடுத்து வந்த இரண்டு ஆய்வுகள். 2020-ஆம் ஆண்டில் ஷாங்காய் நகரைச் சார்ந்த குழுவினர், விந்தணுவின்மைக்குக் காரணம் தெரியாத ஆடவரின் விரைகளை நலமுற்றோரின் விரைகளோடு ஒப்பிட்டனர். நோயுற்றோரின் செர்டோலி உயிரணுக்கள் முதிராது, இளநிலையிலேயே நின்றுவிட்டன எனக் கண்டனர். உயிரணுக்களிடையே செய்தி கடத்தும் வழிகளுள் ஒன்றைத் தடுத்தபோது, வளர்ப்புக் கலத்தில் அவை முதிர்ச்சி நோக்கி நகர்ந்தன. 1947-இல் நுண்ணோக்காடி விடையளிக்காத வினாவிற்கு, ஒரு வகை நோயாளரைப் பொறுத்தமட்டில், நிலம் பக்குவப்படவில்லை என்னும் விடை கிடைத்தது. மற்றது, யூட்டாக் குழுவினர் 2022-இல் வெளியிட்டது. பன்னிரு ஆடவரின் 44,000-க்கு மேற்பட்ட உயிரணுக்களை அவர்கள் ஆராய்ந்தனர். முதுமையில் விந்தாக்கும் மூல உயிரணுக்களிடம் கண்ட மாற்றம் சிறிதே. செர்டோலி, லேடிக் முதலிய தாங்கும் உயிரணுக்களிடம் கண்ட மாற்றம் பெரிது. முதுமையோடு உடற்பருமனும் சேர்ந்தவரிடம் அம்மாற்றம் மிகுதியாய் இருந்தது. வித்து ஓரளவு நிலைக்க, நிலம் வளமிழந்தது என்பது இதன் கருத்து.

ஒப்பியல் ஆய்வும் வளர்ந்துள்ளது. ஜெர்மனி நாட்டு ஹைடல்பெர்க்கிலிருந்து 2023-இல் வெளிவந்த ஆய்வு, மனிதன் முதலாகப் பிளாட்டிபஸ் ஈறாகப் பத்துப் பாலூட்டிகளையும் ஒரு பறவையையும் ஒப்பிட்டது. விந்தணு வளர்ச்சியின் தொடக்கப் படிகள் இனந்தோறும் பெரிதும் ஒத்திருக்க, இறுதிப் படிகளே விரைந்து வேறுபட்டன என அது காட்டிற்று. கிளைமொழிகளை ஒப்பிட்டு, எப்பகுதி பழமை காத்தது, எப்பகுதி புதுமை ஏற்றது எனக் கூறும் மொழிநூலாரின் முறையை இஃது ஒத்துள்ளது.

8. களஞ்சியங்களும் அவற்றின் குறைகளும்

இவ்வாய்வுகள் கட்டுரைகளாக மட்டும் வெளிவந்திருப்பின் அவற்றின் பயன் குறைவே. ஆய்வாளர் தம் முடிபைக் கூறுவதோடு அமையாது, முடிபிற்கு அடிப்படையான எண்களையும் பொதுக்களஞ்சியத்தில் வைத்தல் இத்துறையின் மரபாயிற்று. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று தொடங்கிய மரபணு வெளிப்பாட்டுக் களஞ்சியம் இவற்றுள் மூத்தது. 2015-இல் பிரான்சு நாட்டு ரென் நகர ஆய்வாளர் இனப்பெருக்கத்திற்கெனவே ஒரு தரவு நோக்குமிடத்தை அமைத்தனர். சுவீடன் நாட்டு மனிதப் புரத வரைபடம், உடலின் உறுப்புகளுள் விரையே தனக்கே சிறந்த மரபணுக்களை மிகுதியும் உடையது எனக் காட்டியதோடு, ஒற்றை உயிரணுத் தரவுகளையும் தன்னுட் சேர்த்துக்கொண்டது. இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனத்தார் 2022-இல் வெளியிட்ட கருவுறுப்பு வளர்ச்சி வரைபடமும் எவரும் நோக்குதற்குத் திறந்து வைக்கப்பட்டுள்ளது. ஒருவர் திரட்டியதை மற்றொருவர் வேறு வினாவோடு அணுகிப் புதுமுடிபு காணுதற்கு இவை வழிசெய்தன.

ஆயினும் இக்களஞ்சியங்களைக் குறைவற்ற மூலமாகக் கொள்ளுதல் தகாது. சுவடியில் ஏடு முறிந்தும் எழுத்துச் சிதைந்தும் இருப்பதுபோல இவற்றிலும் சிதைவு உண்டு.

முதலாவது, உயிரணுக்களைப் பிரிக்கும்போது பெரியனவும் கிளைத்தனவும் சிதைந்துபோகும். செர்டோலி உயிரணு அத்தகையது. ஆதலின் பல தொகுதிகளில் அதன் எண்ணிக்கை இயற்கையில் உள்ளதினும் குறைவு. நிலத்தை அறிய விழைவோர்க்கு நிலமே குறைவாகக் கிடைத்தல் பெருங்குறை. உட்கருவை மட்டும் பிரித்தெடுக்கும் முறை இதனை ஓரளவு ஈடுசெய்கிறது.

இரண்டாவது, பிரித்தவுடன் உயிரணு தன் இடத்தை இழக்கிறது. எது எதனருகில் நின்றது என்பது தெரியாது போகும். கட்டவிழ்ந்து கலைந்த சுவடியின் ஏடுகளை இது போலும். 2021-இல் வெளிவந்த இடங்காட்டும் வரிசையறி முறை, சுண்டெலி, மனிதன் ஆகிய இரண்டின் விரையிலும் இக்குறையைத் தீர்க்க முயன்றது.

மூன்றாவது, விந்தணு முதிரும் இறுதிக் காலத்தில் அதன் மரபுப்பொருள் இறுகிச் சுருங்க, புதுப்படிகள் எழுதப்படுவது நின்றுவிடும். முன்னரே எழுதிச் சேமித்த படிகளைக் கொண்டே பிற்பணி நடைபெறும். எனவே, படி இருத்தல் கொண்டு அப்பொழுதே தொழில் நடந்தது எனத் துணிதல் கூடாது.

நான்காவது, பெயர் வேறுபாடு. ஒரு குழுவினர் சுழிய நிலை என்பதை மற்றொரு குழுவினர் வேறு பெயரால் வழங்குவர். இரண்டும் ஒன்றேயோ, ஒன்றன் பகுதி மற்றொன்றோ எனத் தெளியாது ஒப்பிடின் பிழை நேரும்.

ஐந்தாவதே பெரிது. உயிரணுக்களின் எண்ணிக்கை கண்டு மயங்குதல் கூடாது. மூவர் தந்த 6,500 உயிரணுக்கள் 6,500 மனிதர் ஆகா. ஒரே சுவடியின் நூறு படிகள் நூறு சான்றுகள் ஆகாமை போல என்க. மனிதரைப் பற்றி மேலே சுட்டிய வரைபடங்கள் அமெரிக்கா, சீனம், இங்கிலாந்து ஆகிய நாடுகளில் இயற்றப்பட்டவை. ஒவ்வொன்றிற்கும் உடல் வழங்கினோர் ஒரு சிலரே. அவர்களைக் கொண்டு உலகத்து ஆடவர் அனைவரையும் பற்றிப் பொதுவிதி கூறுதல் சிறிய அடிப்படையின்மேல் பெரிய மாளிகை எழுப்புவதாகும்.

இக்காரணங்களால், களஞ்சியத்தின் மதிப்பு அதில் எத்துணை எண்கள் உள என்பதைப் பொறுத்ததன்று. ஒவ்வோர் எண்ணும் யாரிடமிருந்து, எவ்வகையில் வந்தது என்னும் குறிப்பைப் பொறுத்தது. வழங்கியவரின் வயது, உடற்பருமன், நோய், உண்ட மருந்து, திசு எடுத்த முறை, எடுத்தபின் கழிந்த நேரம் ஆகியவை வேண்டும். உடற்பருமன் குறிக்கப்பட்டிராவிடின் 2022-ஆம் ஆண்டு ஆய்வில் அதனைப் பற்றிய முடிபு தோன்றியிராது. சுவடிகளைப் பதிப்பித்த நம் அறிஞர், சுவடி உதவினோரையும் பாடவேறுபாட்டையும் முகவுரையிற் குறித்து வைத்தமை இதன்பொருட்டே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. சுவடி உதவினார் பெயரைக் கூறுதல் நன்றிக்கடன். உடல் உதவினார் பெயரை மறைத்தல் அறக்கடன். மரபணு வரிசையிலிருந்து ஒருவரை அடையாளங்காணல் கூடுமாதலின், மனிதரின் முழு மூலவரிசையைத் தகுதியுடைய ஆய்வாளர்க்கே உரிய ஒப்புதலின்பேரில் வழங்கும் முறை நிலவுகிறது.

வழங்கினோர் யாவர் என்பதையும் எண்ணுதல் வேண்டும். யூட்டா ஆய்வுகளுக்கு உதவியவை இறந்தோரின் உறுப்புக்கொடைகள். அவருள் சிறுவரும் உளர். பிற ஆய்வுகளுக்கு உதவியவை மகப்பேறு நாடி மருத்துவரை அடைந்து, தம் குறையை ஒளிக்காது உரைத்த ஆடவரின் திசுக்கள். மைந்தனை இழந்த பெற்றோர் அளித்த இசைவும், குறையைக் கூற நாணாத ஆடவன் அளித்த இசைவும் இக்களஞ்சியத்தின் அடிப்படை. ஓரிகன் சிறையிலிருந்து இவ்விடம் வந்து சேர்ந்தது, அறிவின் வளர்ச்சி மட்டுமன்று, அறத்தின் வளர்ச்சியுமாம்.

9. முடிவுரை

உலகில் மக்களுள் ஏறத்தாழ ஆறில் ஒருவர் வாழ்நாளில் ஒருகாலத்தேனும் மகப்பேறின்மையால் வருந்துவர் என உலக நலவாழ்வு நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் அறிவித்தது. மகப்பேறு எய்தாத இணையருள் ஏறத்தாழப் பாதிப் பேரிடம், தனித்தோ பெண்பாற் காரணத்தோடு சேர்ந்தோ, ஆண்பாற் காரணமும் உண்டு என்பது மருத்துவர் பொதுவாக ஒப்பும் கருத்து. அவ்வாறிருந்தும் முதற்கண் மருத்துவரிடம் அனுப்பப்படுபவளும், ஊராரின் சொல்லைத் தாங்குபவளும் பெண்ணாக இருத்தல் நாம் காணாததன்று.

இதுகாறும் கூறியவற்றால் சில முடிபுகள் பெறப்படும். விரை வித்தின் இருப்பிடம் மட்டுமன்று. வித்தும் நிலமும் ஒருங்கமைந்த வயல். விந்தணுவின்மை ஒரு நோயன்று. வித்தின் குறையும் நிலத்தின் குறையுமாகிய பல நோய்களின் பொதுப்பெயர். அவற்றைப் பிரித்தறியும் வாயிலை ஒற்றை உயிரணுத் தரவுக் களஞ்சியங்கள் திறந்துள்ளன. அவற்றால் நோய் தீர்க்கும் மருந்து உடனே கிடைத்துவிடும் என எதிர்பார்த்தல் மிகை. வளர்ப்புக் கலத்திற் கண்டது மருத்துவமனையை அடைதற்கு நெடுவழி உண்டு. ஆயினும், காரணம் தெரியவில்லை என்று கூறி அனுப்பப்பட்டோர்க்குக் காரணம் ஒன்றைக் கூற இயலுமாயின், அதுவே பெரும்பயன். பலர் வாழ்வில் நோயினும் கொடியது, காரணமறியாப் பழி.

தமிழாராய்வோர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. சொல் பழைய உவமையைச் சுமந்து நிற்கும் என்பதை விரை என்னும் பெயரிற் கண்டோம். இத்துறைக்குக் கலைச்சொல் ஆக்குவோர், ஆணை வித்தென்றும் பெண்ணை நிலமென்றும் பிரித்த அவ்வுவமையை மீண்டும் புதுச்சொல்லிற் புகுத்தாது காத்தல் வேண்டும். விளைச்சல் பொய்த்தவிடத்து, எந்நிலம், எவ்வித்து என ஆராய்ந்தபின்னரே கூறுதல் அறிவுடையோர் செயல். ஆராயுமுன்னே ஒருத்தியைச் சுட்டுதல் அறிவும் அன்று, அறனும் அன்று என்க.